மேல்மாடிக்காரர் எழுதிய ஏழாம் அத்தியாயம்

அவரை எல்லோரும் மேல்மாடி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து மூன்று வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எந்தக் கட்டடமாக இருந்தாலும் அதன் உச்சியில் இருக்கும் மெஷின் ரூமில்தான் அவரைத் தேட வேண்டும். "மேல்மாடி எங்கப்பா?" "வேற எங்க, மேல்மாடியிலதான்." அப்படியே பேர் ஒட்டிக்கொண்டது. மேல்மாடி காலி என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களும் உண்டு. அவர் கண்டுகொள்ள மாட்டார். கண்டுகொண்டால் அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் எல்லோரும் படி ஏற வேண்டியதுதான்.

இப்போது அறுபத்தொரு வயது. வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, ஊராரின் மின்விசிறியையும் இஸ்திரிப் பெட்டியையும் பிரித்துப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். லிப்ட் பக்கம் போகக் கூடாது என்று லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள். லைசென்ஸோடு விட்டார்களா? ஆளையும் இரண்டரை வருஷம் உள்ளே தூக்கிப் போட்டார்கள்.

ஏன் உள்ளே போனார் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். அவரிடம் கேட்டால் அரை நாள் போய்விடும். அது ஓர் ஆறுமாடிக் குடியிருப்பு. மாதாமாதம் லிப்டைச் சோதித்து, 'பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்று சோதனை நோட்டில் கையெழுத்துப் போடுவது இவர் வேலை. போட்டார். போட்ட ஒன்பதாம் நாள், அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் லிப்டிலிருந்து வெளியே ஒரு காலை வைத்த நேரத்தில், நின்ற லிப்ட் நிற்காமல் கீழே வழுக்கியது. பிரேக் தேய்ந்து போயிருந்தது. ஆள் பிழைத்தார். கால் பிழைக்கவில்லை. இன்றுவரை அவர் அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறார்.

மேல்மாடி சொல்லும் கதை வேறு. அவரோடு கூட வேலை பார்த்தவன் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. "பிரேக்கை நான் பாத்துட்டேன் மாமா, நல்லா இருக்குன்னான். சொந்த மச்சானை நம்பாம யாரை நம்புறது? நம்பிக் கையெழுத்துப் போட்டேன். கம்பி எண்ணினேன்." கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

மச்சானோ கோர்ட்டில் நேர்மாறாகச் சொன்னான். லிப்ட் வழுக்குகிறது என்று நான் முன்னாடியே மாமாவிடம் சொன்னேன் என்றான். மேல்மாடியின் வக்கீல் விட்டாரா? என்ன தேதி, எத்தனை மணி, எங்கே நின்று சொன்னாய், அப்போது மாமா என்ன சட்டை போட்டிருந்தார் என்று குடைந்து எடுத்துவிட்டார். பையனுக்கு அப்போது இருபத்தொன்பது வயதுதான். கூண்டில் ஏறியதே முதல் தடவை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "ஞாபகம் இல்லைங்க" என்றான்.

கையெழுத்து மேல்மாடியுடையது என்பதால் கோர்ட் அவரைத்தான் தண்டித்தது. குடும்பம் மச்சானைத் தண்டித்தது. அவனுடைய அக்கா அன்றைக்குத் தம்பியோடு பேச்சை நிறுத்தியவள், பதினோரு வருஷமாகப் பேசவில்லை. அவர்களைப் பெற்றவள் இறந்த அன்றுகூட, ஒரே கூடத்தில், அவள் இந்தச் சுவரோரம், அவன் அந்தச் சுவரோரம். தம்பி கிட்டே வந்து "அக்கா" என்றான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இந்தக் கதைதான் இப்போது புத்தகமாகப் போகிறது. மின்விசிறி பழுது பார்க்க வந்த ஒரு சின்னப் பதிப்பகக்காரர், "அய்யா, இதை நீங்க எழுதணும். டைப் அடிச்சுக் கொண்டு வாங்க, போட்டுடலாம்" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். மேல்மாடிக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு நோட்டுப் புத்தகங்களை ஆறே மாதத்தில் நிரப்பிவிட்டார். தலைப்பும் தயார்: 'மச்சானுக்காகச் சிறை சென்ற மாமன்.' வாயால் சொன்னது காற்றோடு போகும். அச்சில் வந்துவிட்டால், மச்சான் செத்த பிறகும் அந்தப் பழி அவன் பெயரோடுதான் இருக்கும். மேல்மாடிக்கு இது தெரியாமல் இல்லை. "இருக்கட்டும், அவனும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்" என்பார்.

டைப் அடிக்கக் கொடுத்த இடம் இரண்டு தெரு தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்கட்டு. அங்கே ஒரு பெண். முப்பது வயதிருக்கும். மனு, விண்ணப்பம், கல்லூரி ஆய்வு, காணாமல் போன பூனைக்கு அறிவிப்பு என்று எது வந்தாலும் முகத்தை வைத்தபடி வைத்துக்கொண்டு படபடவென்று அடித்துத் தள்ளுவாள். சும்மா சொல்லக் கூடாது, வேலையில் கெட்டிக்காரி. கதையில் அவளுக்கு ஒரு அக்கறையும் கிடையாது. முதல் நாளே சொல்லிவிட்டாள்: "எழுத்துப் புரியலைன்னா மட்டும் கேப்பேன் சார். மத்தபடி நீங்க யாரைக் கொன்னாலும் எனக்கு ஒண்ணுதான்."

"நான் யாரையும் கொல்லலம்மா."

"பேச்சுக்குச் சொன்னேன் சார்."

அப்படிப்பட்டவளையே ஐந்தாம் அத்தியாயம் சிரிக்க வைத்துவிட்டது. அது ஜெயிலைப் பற்றியது. மேல்மாடிக்கு அடுத்தவர்களைப் பார்க்கும் கண் கூர்மை. தன்னோடு அடைபட்டிருந்தவர்களை அப்படியே பிட்டுப் பிட்டு வைத்திருந்தார். ஒருவன் கையிலிருந்த கத்தி தானாக நழுவிப் பக்கத்து வீட்டுக்காரன் வயிற்றில் போய்விட்டது, அதுவும் மூன்று தடவை. இன்னொருவன் திருடப் போகவே இல்லை, பூட்டுச் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் போனான். வேறொருவன் சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்த அடுத்தவர் பைக், தன்னிஷ்டத்துக்குக் கிளம்பி அவன் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. 'நூற்றிருபது பேர் இருந்தோம். அதில் தப்பு செய்தவன் ஒருவன்கூட இல்லை. எல்லோரும் தங்கள் பொய்யைத் தாங்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையாகவே தப்பு செய்யாமல் உள்ளே வந்தவன் நான் ஒருவன்தான்' என்று அந்த அத்தியாயத்தை முடித்திருந்தார். எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அதுதான் வேடிக்கை.

ஏழாம் அத்தியாயம் அடித்து முடித்த அன்று காலை அவள் போன் பண்ணினாள். போய் நின்றார். திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சார், ஒரு சந்தேகம். ஏழாவதுல, 'மச்சான் சோதனை நோட்டைக் கீழே எடுத்துக்கொண்டு வந்தான். நான் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். வெயிலில் சீட்டு கொதித்தது' அப்படின்னு இருக்கு."

"ஆமாம்மா. நல்லா வந்திருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டாவதுல வேற மாதிரி இருக்கே." எதையோ தட்டினாள். பழைய பக்கம் வந்தது. வாசித்தாள்: "'சோதனை நோட்டின் மூலையில் ஓட்டை போட்டு, ஒரு முழம் கம்பியில் கோத்து, மெஷின் ரூம் சுவரில் உள்ள வளையத்தோடு முறுக்கி, ஈயத்தில் முத்திரையும் வைத்துவிடுவேன். நோட்டு தீர்ந்தால்தான் கம்பியை வெட்டுவேன். கையெழுத்துப் போட வேண்டும் என்றால் எவனாக இருந்தாலும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் சோம்பேறிகளுக்கு என் கட்டடங்களில் இடமில்லை.'" நாற்காலியைத் திருப்பினாள். "கம்பியில கட்டின நோட்டு எப்படி சார் ஸ்கூட்டருக்கு வந்துது?"

மேல்மாடிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"உன்னை டைப் அடிக்கச் சொன்னேனா, குறுக்கு விசாரணை பண்ணச் சொன்னேனா?"

"படிக்கிறவங்க கேப்பாங்கல்ல சார். எனக்கென்ன." அவளுக்குக் கோபமே வரவில்லை. அடுத்த வேலைக்கான தாளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டாவதுல அந்தக் கம்பியைத் தூக்கிடட்டுமா? நாலு வரிதான். தூக்கிட்டா இடிக்காது."

நாலு வரி. தன் தொழிலில் அவர் கண்டுபிடித்த ஒரே விஷயம் அந்தக் கம்பி. வேறெந்த மெக்கானிக்கும் செய்யாதது. அதைப் பற்றி எழுதியபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. திரையில் அந்த நாலு வரியையும் இன்னொரு தடவை வாசித்தார். "தூக்கிடு" என்றார். அவள் ஒரு தட்டுத் தட்டினாள். கம்பி போய்விட்டது.

வீடு வரைக்கும் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தார். மச்சான் கம்பியை வெட்டியிருப்பான். வெட்டினால் முத்திரை உடைந்திருக்குமே? உடைந்ததை மறுபடி வைத்திருப்பான். முத்திரை வைக்கும் கட்டை இவர் பையில் அல்லவா இருந்தது? சரி, அன்றைக்கு மட்டும் கம்பி இல்லாமல் இருந்திருக்கும். போலீஸ் அந்த நோட்டை எடுத்தபோது குறட்டால் கம்பியை வெட்டினார்களே, இவரும் பக்கத்தில் நின்று பார்த்தாரே? சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஸ்கூட்டர் எங்கிருந்து வந்தது என்று யோசித்தார். கோர்ட்டில் ஸ்கூட்டரே கிடையாது. கோர்ட்டில் சொன்னது, "மச்சான் பார்த்தேன் என்றான், நானும் மேலே போய் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்" என்பது மட்டும். ஸ்கூட்டர் ஜெயிலில்தான் வந்தது. சாயங்காலம் ஆள் எண்ணி முடித்து உள்ளே விட்டதும் ஆளாளுக்குக் கதை சொல்வார்கள். முதல் தடவை இவர் சொன்னபோது பூட்டுக்காரன் கேட்டான், "மேல போனீங்கல்ல, பிரேக்கை நீங்களே ஒரு பார்வை பாத்திருக்கலாமே அண்ணே?" அடுத்த வாரம் சொன்னபோது இவர் மேலே போகவில்லை. நோட்டு கீழே வந்துவிட்டது. அதற்கடுத்த தடவை ஸ்கூட்டர் வந்தது. பிறகு வெயில் வந்தது. சீட்டு கொதித்தது. பேனா எழுதாமல் இரண்டு தடவை உதறியதுகூட வந்துவிட்டது. ஜெயிலில் இருந்த ஒருத்தனுக்கும் கம்பி விஷயம் தெரியாது. கேட்க ஆளில்லை. ஒரு வருஷத்தில் அந்த ஸ்கூட்டர் சீட்டின் சூடு இவருடைய உள்ளங்கைக்கே தெரிந்தது.

'சரி, ஸ்கூட்டர் பொய்' என்று ஒப்புக்கொண்டார். 'கோர்ட்டில் சொன்னது நிஜம்தானே? மேலே போனேன், மச்சானை நம்பினேன், பிரேக்கைப் பார்க்கவில்லை.' அந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பாதியில் கிடந்த மின்விசிறியின் முன் வந்து உட்கார்ந்தார்.

மதியம் ஒரு திருகாணி கை தவறி மேசைக்கடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தார். மேசை தாழ்வு, இடம் குறுகல். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, தலையை இடப்பக்கம் சாய்த்து, வலது கையை முன்னால் நீட்டினார். அப்படியே நின்றுவிட்டார். உடம்புக்கு அந்த நிலை தெரியும். இருபத்து மூன்று வருஷம், மாதாமாதம், கட்டடத்துக்குக் கட்டடம், இப்படித்தான் முட்டி போட்டுத் தலையைச் சாய்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏன் அப்படி? நோட்டை நின்றபடி எழுதும் உயரத்தில் கட்டியிருக்கலாமே? கட்டவில்லை. அதையும் அவர்தான் யோசித்துச் செய்தார். கையெழுத்துப் போடுகிறவன் மூக்குக்கு நேராகப் பிரேக் இருக்க வேண்டும், பார்க்காமல் போடவே முடியாதபடி இருக்க வேண்டும் என்று பிரேக்குக்குப் பக்கத்தில், முட்டி உயரத்தில், வேண்டுமென்றே வளையத்தை அடித்தவர் அவர்.

அந்தப் பிரேக்கை அவர் பார்த்தார். இப்போது மேசைக்கடியில் மின்விசிறித் தூசியைப் பார்ப்பது போலப் பார்த்தார். உராயும் பட்டை தேய்ந்து முடிந்து, அதைப் பிடித்திருந்த ரிவெட் தலைகள் சக்கரத்தில் உரசிப் பளபளவென்று இருந்தன. அந்தப் பளபளப்புக்கு என்ன அர்த்தம் என்று ஆறு மாதம் தொழில் பழகியவனுக்குக்கூடத் தெரியும்.

பிறகு எல்லாம் மடமடவென்று வந்தது. அன்று காலை, படியில் ஏறும்போதே மச்சான் சொன்னான். "மாமா, லிப்ட் நிக்கும்போது ரெண்டு விரக்கடை வழுக்குது. பிரேக் பட்டையை மாத்திடலாம்." இவர் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார். மெஷின் ரூமுக்கு ஏறும் இரும்பு ஏணியில் கால் வைத்தபோது அவன் கீழேயிருந்து மறுபடியும் சொன்னான். "மாமா, அந்த வழுக்கலைப் பாருங்க. எனக்கு என்னமோ சரியாப் படல." இவர் ஏணியில் நின்றபடி திரும்பிப் பார்த்து, "எனக்கே பாடம் எடுக்கிறியாடா?" என்றார்.

ஏன் மாற்றவில்லை? அதற்குக்கூட ஒரு பெரிய காரணம் இருந்தால் தேவலை. போன மாதம்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பத்துப் பேர் முன்னால், லிப்ட் சமமாக நிற்பதில்லை என்று புகார் சொன்னார். "லிப்ட் ஒழுங்காத்தான் நிக்குது. உங்க கண்ணுலதான் கோளாறு, போய் டாக்டரைப் பாருங்க" என்று இவர் சொல்ல, பத்துப் பேரும் சிரித்தார்கள். இந்த மாதம் பிரேக்கை மாற்றினால் லிப்டை இரண்டு நாள் நிறுத்த வேண்டும். செயலாளர் வந்து நின்று சிரிப்பார். அடுத்த மாதம் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், அதுவரை தாங்கும் என்று நினைத்தார். முட்டி போட்டார். கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். ஒரு மனிதனின் கால் அதற்குப் போனது.

மேல்மாடி மேசைக்கடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. முதலில் வந்த யோசனையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்: நல்லவேளை, யாருக்கும் தெரியாது. நாலு வரியையும் தூக்கியாயிற்று. பேசாமல் இருந்துவிட்டால் போதும். இப்படி யோசித்த பத்தாவது நிமிடம், பூட்டைச் சரிபார்க்கப் போன அந்த ஜெயில்காரனின் முகம் நினைவுக்கு வந்தது. அவனை எழுத்தில் எப்படியெல்லாம் நக்கல் அடித்தோம் என்று நினைத்தார். "அடச்சீ" என்று வாய்விட்டுச் சொன்னார். தன்னைத்தான் சொன்னார்.

மனைவி சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தாள். துணிக் கம்பெனியில் செக்கர். நாள் முழுக்கச் சட்டைகளைத் திருப்பிப் போட்டு, விட்டுப்போன தையலைத் தேடிப் பிடிப்பவள். செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். உட்காரக்கூட விடவில்லை. விட்டால் தனக்குத் தைரியம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். படி, ஏணி, ரிவெட், செயலாளர், ஸ்கூட்டர் என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் சொன்னானா?"

"சொன்னான்."

"நிஜமாவே சொன்னானா?"

"ரெண்டு தடவை சொன்னான்."

அவள் அழவில்லை. பையைத் தூக்கித் தரையில் போட்ட போட்டில் மேசை மேலிருந்த திருகாணிகள் எல்லாம் குதித்தன.

"பதினோரு வருஷம்ங்க! அம்மா போன அன்னிக்கு அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு வந்தான். நான் எந்திரிச்சு உள்ள போனேன். அவன் மூஞ்சியைக்கூடப் பாக்கல. எல்லாம் நீங்க சொன்னதை நம்பி! ஊர்ல இருக்கிற சட்டையில எல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிறேன், எங்கூடவே குடும்பம் நடத்துற ஆளு சொல்ற கதையில ஒரு ஓட்டை என் கண்ணுக்குத் தெரியலையே!"

"நானே நம்பிட்டேன். பொய் சொல்றேன்னு நினைச்சுச் சொல்லல. சத்தியமா."

"அது எனக்கு எதுக்கு?" அவள் விடவில்லை. "ஜெயில்ல இருந்து வந்ததும் வாட்ச்மேன் வீட்டுக்குப் பழம் வாங்கிட்டுப் போனீங்களே, அங்கயும் இதே கதையா?"

"அதேதான்."

"அவரும் இத்தனை வருஷமா என் தம்பியைத்தான் சபிச்சிட்டு இருக்காரா?"

மேல்மாடி தலையாட்டினார். அவள் திட்டினாள். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் சரியென்றே பட்டது. ஓர் இடத்தில், "ஏழாம் அத்தியாயத்தை நாளைக்கே மாத்தி எழுதிடுறேன்" என்றார். அவ்வளவுதான், மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

"எழுதி என்னத்தைக் கிழிக்கப் போறீங்க? புத்தகம் வந்து, அவன் எங்கயோ கடையில பாத்துப் படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா? நாளைக்கு லீவு போடுறேன். வாங்க. அவன் முன்னாடி நின்னு சொல்லுங்க."

பேசி ஓய்ந்து அவள் முகம் கழுவப் போனபோது மேல்மாடிக்கு ஒன்று புரிந்தது. பயம் இருந்த இடத்தில் பயம் இல்லை. திட்டு வாங்கியதில் காது சுட்டது, ஆனால் மூச்சு சுலபமாக வந்தது. இத்தனை வருஷம் ஒவ்வொரு தடவை அந்தக் கதையைச் சொல்லும்போதும் உள்ளே ஏதோ ஒன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது, அது விட்டுவிட்டது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார். அவள் அதற்கும் முறைத்தாள்.

மச்சான் லிப்ட் வேலையை எப்போதோ விட்டுவிட்டான். ஊரின் மறுகோடியில் ஒரு கண்ணாடிக் கடையில் அளவெடுத்து வெட்டிக் கொடுக்கும் வேலை. பேருந்தில் ஒரு மணி நேரம். கடை வாசலில் இறங்கியபோது அவன் ஒரு வாடிக்கையாளரிடம் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தான்.

"பதினெட்டுக்கு இருபத்து நாலுன்னு நீங்க சொன்னீங்க. ஓரம் மழுக்க வேணாம்னு சொன்னீங்க. கை அறுக்கும்னு நான் சொன்னேன். மூணும் எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துப் போடுங்க."

"ஏம்ப்பா, முகம் பாக்கிற கண்ணாடிக்கு எதுக்கு இவ்வளவு?"

கல்லாவிலிருந்த முதலாளி சிரித்தார். "போட்டுட்டுப் போங்க சார். இவன் இப்படித்தான். நான் டீ வாங்கிட்டு வாடான்னாக்கூட எழுதிக்குவான். சொன்னேனா சொல்லலையான்னு அவனுக்கு அவன் மேலயே சந்தேகம்."

மேல்மாடி அதைக் கேட்டார்.

மச்சான் நிமிர்ந்தான். முதலில் அக்காவைத்தான் பார்த்தான். நாற்பது வயது ஆகிவிட்டது, காதோரம் நரைத்திருந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். பதினோரு வருஷம் கழித்து வந்து நிற்பவர்களைப் பார்த்து வேறு என்ன கேட்பான்?

"எல்லாரும் நல்லா இருக்கோம் மச்சான்" என்றார் மேல்மாடி. "நான்தான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க." குரலில் ஈரம் இல்லை.

"லிப்ட் வழுக்குதுன்னு நீ சொன்ன. நான் கேக்கல. மேல போனேன், பிரேக்கைக் கண்ணால பாத்தேன், தேஞ்சு போயிருந்துது. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன். கோர்ட்ல உன் மேல பழி போட்டேன். எல்லாம் பொய்."

மச்சான் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையில் இருந்த அளவுகோலைப் பத்திரமாக மேசையில் வைத்தான்.

"திருப்பிச் சொல்லுங்க."

மேல்மாடி திருப்பிச் சொன்னார்.

"அது இல்ல. முதல்ல சொன்னீங்களே. அது." அவன் மேசையைச் சுற்றி முன்னால் வந்தான். "நான் சொன்னேனா?"

"சொன்னடா."

"எனக்கு முதல்ல நல்லா ஞாபகம் இருந்துது மாமா. அந்த வக்கீல் கேட்டாரே, தேதி என்ன, சட்டை என்னன்னு... அதுக்கப்புறம் எல்லாம் குழம்பிப் போச்சு. அக்காவும் பேசல. அம்மாவும் கடைசி வரைக்கும், ஏன்டா ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதான்னு கேட்டுக்கிட்டே போயிட்டா. எல்லாரும் சொல்றாங்க, அப்போ நான்தான் சொல்லணும்னு நினைச்சிட்டுச் சொல்லாம விட்டுட்டேனோன்னு... அந்த ஆளோட கால் என்னாலதான் போச்சோன்னு..." நிறுத்தினான். "எங்க வெச்சுச் சொன்னேன்?"

"படியில ஏறும்போது ஒரு தடவை. நான் ஏணியில நின்னப்போ கீழ இருந்து ஒரு தடவை."

"என்ன சொன்னேன்?"

"நிக்கும்போது ரெண்டு விரக்கடை வழுக்குது, பட்டையை மாத்திடலாம்ன. ரெண்டாவது தடவை, எனக்கு என்னமோ சரியாப் படலன்ன. எனக்கே பாடம் எடுக்கிறியான்னு உன் வாயை அடைச்சது நான்தான்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். உதடு அசைந்தது. அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பார்க்கிறான் என்று மேல்மாடிக்குத் தெரிந்தது. அடிக்கப் போகிறான் என்று நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். அவன் கண்ணைத் திறந்தபோது இவரைப் பார்க்கவே இல்லை. கடை அதிரக் கத்தினான்.

"அக்கா! நான் சொல்லியிருக்கேன்க்கா!"

"சொல்லியிருக்கடா தம்பி" என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணே, நான் சொல்லியிருக்கேன்ணே!" என்றான் முதலாளியிடம். அவருக்கு ஒரு எழவும் புரியவில்லை. "என்னடா சொன்ன?" என்று கேட்டார். அவன் சிரித்தான், அழுதான், இரண்டையும் ஒன்றாகச் செய்தான். வாடிக்கையாளர் சீட்டையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். "எங்க சார் போடணும்?" என்றார்.

"வேணாம் சார், கொண்டு போங்க" என்றான் மச்சான். "கை அறுக்கும்னு சொல்லிட்டேன். சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு."